லைட்டு ஒட்டுற கை

— குடுங்கக்கா, விளையாடாதீங்க. வேல்பாண்டி லோடு ஆட்டோவ எடுத்துட்டு வர்ற நேரம். லைட்டு ஸ்டிக்கர் ரெண்டையும் இந்த டேபிள் மேலதான வச்சிருந்தேன்.

— நாந்தான் எடுத்தேன். எங் கூடையில இருக்கு. தர மாட்டேன்.

— எதுக்கு?

— இந்தத் தடவ நான் ஒட்டப் போறதில்ல, ஜோ.

— ஜெயக்கொடி அக்கா, நல்லாப் பாருங்க. சென்னை ரேசுல விழுந்து சில்லு சில்லாப் போன ஃபைபர் கவர புதுசா வார்த்து, பட்டி பாத்து, மஞ்சள் அடிச்சு, டேங்க்குல காசு குடுக்குற மில்லு பேரு, டெயிலுல ஷோரூம் பேரு, ரெண்டு பக்கமும் நாப்பத்தேழாம் நம்பரு, எல்லாம் ஒட்டியாச்சு. மூஞ்சி மட்டும் மொட்டையா நிக்குது. இப்பிடியே கோயம்புத்தூருக்கு அனுப்பச் சொல்லுறீங்களா?

— அனுப்பாதங்கேன்.

— ஆஷிகா வந்து கேட்டா நான் என்ன சொல்ல?

— உங்க அம்மக்காரி எடுத்துக்கிட்டான்னு சொல்லு.

— நான் வேற வெட்டிருவேன்க்கா. டிசைன் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. மெஷின்ல ஷீட்ட விட்டா டீ ஆறுறதுக்குள்ள வந்துரும்.

— வெட்டு. யாரு ஒட்டுவா?

— நான்தான்.

— நீ ஒட்டுனா அவ அந்த வண்டியில ஏறுவாளா?

— ஏற மாட்டா.

— அது தெரிஞ்சுதான் எடுத்தேன், கேட்டியா.

— எல்லாம் நான் இழுத்து விட்ட வினை. மொத ரேசுக்குப் போறப்ப சும்மா நிக்கிறீங்களேன்னு உங்க கையில குடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நான் ஒட்டுனா நடுவுல ஒரு காத்துக் குமிழி நிக்கும். நீங்க கம்பெனியில பேண்டேஜ் மடிச்ச கையி, சுருக்கமே இல்லாம இழுத்து விட்டீங்க. அவ மூணாவதா வந்தா. அதுல இருந்து ரைடரு வீட்டு ஆளு கைதான் லைட்டு ஒட்டணும்னு நம்ம கடையில ஒரு சட்டமாப் போச்சு. ஒட்டுறப்ப ரைடரு அங்கிட்டுத் திரும்பி நிக்கணும், ஒட்டி முடிச்சதும் மொதப் பார்வை ரைடரோடதா இருக்கணும்னு அவளே ரெண்டு சேத்துக்கிட்டா.

— இல்லாத லைட்டுக்கு எதுக்கு ஸ்டிக்கருன்னு நான் அன்னைக்கே கேட்டேன்.

— அதையும் சொன்னேனே. ரேசு வண்டியில லைட்டு வைக்கக் கூடாது. விழுந்தா கண்ணாடி சிதறி டிராக்குல கெடக்கும், பின்னால வர்றவனுக்கு ஆபத்து. அதனால கழத்திட்டு ஃபைபர வச்சு அடைச்சிருவோம். ஆனா லைட்டு இல்லாத மூஞ்சி எந்தக் கம்பெனி வண்டின்னு யாருக்கும் அடையாளம் தெரியாது. பைக்கு குடுத்த ஷோரூம்காரருக்கு அவரு வண்டின்னு ஜனத்துக்குத் தெரியணும். அதான் லைட்டு மாதிரியே படமா வெட்டி ஒட்டுறோம்.

— எந்த ஜனத்துக்கு?

— பாக்க வர்ற ஜனத்துக்குத்தான்.

— நீ ஒரு தடவ வந்து பாத்திருக்கியா? அம்புட்டுப் பெரிய கேலரி. வெயில்ல காயுது. ஓட்டுத பிள்ளைங்களோட அம்மையும் அப்பனும் குடையப் புடிச்சிக்கிட்டு கம்பி ஓரமா நிப்போம். நாங்க போக டீ விக்கறவரும் ஆம்புலன்ஸ் டிரைவரும். ஜெயிச்சு வந்து மேடையில நின்னா கை தட்டறதுக்கு தோத்த பிள்ளையோட அம்மையத்தான் கூப்பிடணும்.

— அது நம்ம நாட்டுத் தலையெழுத்துக்கா. டீவியில வெளிநாட்டு ரேச உக்காந்து பாப்பானுங்க. நம்ம ஊருப் பிள்ள ஓட்டுதுன்னா தெரியாது. இந்தா, கிருஷ்ணன்கோவில் காலேஜ் பயலுக வாரானுங்களே, எத்தன பேருக்கு ஆஷிகா வண்டி கலர அடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா? ரெக்கை வச்சுக் குடு, பின் சீட்ட இன்னும் தூக்கிக் குடு, மஞ்சள் இதே மஞ்சளா இருக்கணும். ஒருத்தன் கேக்குறான், அண்ணே, இந்த நாப்பத்தேழு எந்த நாட்டு ரைடருன்னு.

— நீ என்ன சொன்ன?

— ஸ்ரீவில்லிபுத்தூருன்னேன். சிரிச்சுட்டுப் போறான். இன்னொருத்தன், எரியுற லைட்டு மேலயே லைட்டு ஸ்டிக்கர் ஒட்டணும்ங்கிறான், ரேசு வண்டி மாதிரி இருக்கணுமாம். ராத்திரி எப்பிடிடா போவன்னு கேட்டா, போக மாட்டேண்ணேங்கிறான்.

— சிரிப்பு காட்டாத ஜோ. எனக்கு இன்னைக்குச் சிரிப்பு வராது.

— சரி, சொல்லுங்க. விழுந்துட்டான்னு பயமா? விழாத ரைடரு கெடையாதுக்கா.

— விழுந்ததுக்கா இருந்தா அன்னைக்கே நிப்பாட்டியிருப்பேன். இது வேற. எனக்குச் சொல்லத் தெரியல.

— தெரிஞ்ச மட்டும் சொல்லுங்க.

— போன ஞாயித்துக்கிழம சர்ச்சுல பைபிள் சங்கீதம் வாசிக்க இவளக் கூப்பிட்டாங்க. சின்னப் பிள்ளையில இருந்து வாசிக்கறவ. ஒவ்வொரு வரியிலயும் மொத வார்த்தைய முழுங்கிட்டு வாசிக்கா. நடுவுல இருந்து ஆரம்பிக்கா. அர்த்தமே வரல. பாதிரி ஐயரு கண்ணாடியத் தூக்கிப் பாக்காரு. அவளுக்கு ஒன்னும் தெரியல, வந்து உக்காந்துட்டா.

— ரேசு யோசனையில இருந்திருப்பா.

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மறுநாளு சாப்பிடுதா. பீன்ஸ் பொரியல் வைக்கலையாம்மாங்கா. தட்டுலதான் இருக்கு. சோத்துக்கு எடப்பக்கம். தட்டத் திருப்பி வச்சேன், இப்பதான் வச்சியான்னு கேட்டுட்டு திங்கா.

— டாக்டரக் கேட்டீங்களா?

— கேட்டேன். போர்டுல குச்சிய வச்சு ஒவ்வொரு எழுத்தாக் காட்டி வாசிக்கச் சொன்னாரு. கடைசி வரி பொடி எழுத்து வரைக்கும் வாசிச்சுட்டா. ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவ அப்பாகிட்டச் சொன்னா, நீ பிள்ளையப் போக விடாம இருக்கதுக்குச் சாக்கு தேடுதங்காவ.

— ஆஷிகாகிட்டயே கேக்க வேண்டியதுதான?

— கேட்டுட்டேன். எல்லாம் நல்லாத் தெரியுதுங்கா. அவ பொய் சொல்லுதவ இல்ல ஜோ. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— நீங்க ரெண்டு மாசமா சரியாத் தூங்கலக்கா. கண்டதும் காங்காததும் பெரிசாத் தெரியுது. நான் தெனமும் பாக்குறேன், கால் ஊனாம வண்டியத் திருப்புறா, நட்டு போல்ட்டு எல்லாம் அவளே பாத்து முறுக்குறா. அவகிட்ட ஒரு கொறையும் இல்ல.

— அண்ணே, வேல்பாண்டி அண்ணன் ஆட்டோவ திருப்பிட்டு வாராரு, பலகை இருக்கா, வண்டிய ஏத்த? எம்மா! நீ எப்ப வந்த?

— செத்த முன்னாடிதான்.

— டியூட்டிக்குப் போகலையா? ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு நான் வந்து கூட்டிட்டு வாரேன்னுதான சொன்னேன். டவுன் பஸ்ஸுலயா வந்த?

— ஏ ஆஷிகா, பாத்து...

— அய்யோ, ஸாரிண்ணே. கிளாஸு இருந்ததக் கவனிக்கல.

— ரொம்ப நேரமா அங்கதான இருக்கு. உங் கைக்குப் பக்கத்துலயே.

— விடு ஜோ. நான் தொடைக்கேன். ஏட்டி, டீ மேல பட்டுட்டா?

— இல்லம்மா. என்னண்ணே, மூஞ்சி இன்னும் மொட்டையா இருக்கு? ஸ்டிக்கர் எங்க?

— அது வந்து... அம்மாகிட்டயே கேளு.

— எங் கூடையில இருக்கு. இந்தத் தடவ போக வேண்டாம் ஆஷிகா.

— என்னது?

— போக வேண்டாம். ஒட்ட மாட்டேன். இன்னும் ஒரு தடவ பெரிய டாக்டருகிட்டப் போவோம், மதுரைக்கு. அதுக்குப் பொறவு நீ எங்க வேணும்னாலும் போ.

— அம்மா, ரேசு ஞாயித்துக்கிழம.

— தெரியும்.

— இதுதான் கடைசி ரவுண்டு.

— அடுத்த வருசம் ஓட்டு.

— அடுத்த வருசம் லேடீஸுக்குன்னு தனி ரேசு கிளாஸே கெடையாதும்மா. ஆளு பத்தலன்னு நிப்பாட்டுறாங்க. உன்கிட்ட நான் சொல்லல, நீ சந்தோசப்படுவன்னு. இனிமே ஓட்டணும்னா பசங்ககூட ஒரே கிளாஸுல ஓட்டணும். அதுக்கு ஷோரூம்காரரு குடுத்த வண்டி ஆகாது, டீம் வேணும். சென்னை டீம் மேனேஜர் இந்த ஒரு ரேசப் பாக்க வாராரு. ஒரே ஒரு சீட்டு இருக்கு. எனக்கு இல்லன்னா எலினாவுக்கு.

— யாரு அந்த மதுரப் பிள்ளையா? அவ அம்மா எனக்குக் குடையில எடம் குடுத்தாளே.

— அவளேதான். அவளும் நானும் இந்த வருசம் மாறி மாறித்தான் ஜெயிச்சிருக்கோம். நான் போகலன்னா சீட்டு அவளுக்குன்னு முடிவாயிரும். அப்புறம் நான் என்ன செய்ய? காலேஜ்ல படிச்சதுக்கு ஏதாவது கம்பெனியில உக்காந்து கம்ப்யூட்டரப் பாக்கணும். ரோட்டுல எவனாவது என் மஞ்சள் கலர அடிச்சுக்கிட்டுப் போவான், நான் பஸ்ஸு ஜன்னல்ல இருந்து பாக்கணும்.

— பாத்தா என்ன? உசுரோட இருந்து பாப்பல்லா.

— அக்கா, அப்பிடிச் சொல்லாதீங்க.

— சொல்லட்டும்ணே. அம்மா, எனக்கு பயம் இல்லன்னு நான் சொல்லல. விழுந்தது எனக்கு ஞாபகமே இல்ல. வளைவுக்குள்ள போனது தெரியும், அடுத்து ஆஸ்பத்திரி சீலிங்குதான் தெரியும். ஞாபகம் இல்லாததுக்கு எப்பிடிப் பயப்பட?

— எனக்கு ஞாபகம் இருக்குட்டி. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னேன். உள்ள விட மாட்டேனுட்டாங்க. ஒந் தலையில பேண்டேஜ் சுத்தப் பிரிச்சாங்க பாரு, அந்தக் கவரு காத்துல பறந்து எங் காலுகிட்ட வந்து விழுந்துச்சு. சத்திரப்பட்டி, எங்க கம்பெனி. நான் மடிச்சதோ எம் பக்கத்துல இருக்கவ மடிச்சதோ. இத்தன வருசமும் யாரு யாருக்கோ சுத்தப் போறாங்கன்னுதான் மடிச்சேன்.

— இத நீ சொன்னதே இல்ல.

— சொல்லி என்ன ஆகப் போகுது.

— அம்மா.

— ம்.

— அங்க கேலரியில ஒரு ஆளு இருக்காது. எனக்கு அது பழகிப்போச்சு. பேப்பர்ல வராது, ரெண்டு வரி வந்தா எம் பேரத் தப்பா போடுவான். அதுவும் பழகிருச்சு. ஒவ்வொரு சுத்துலயும் அந்த நேர் ரோட்டுல வரயில நீ கம்பி ஓரமா நிப்ப. அந்த வேகத்துல மொகம் தெரியாது, சேலை கலரு மட்டும் தெரியும். எனக்கு அது போதும்மா. நான் அதுக்குத்தான் ஓட்டுறேன்னு வச்சுக்கோயேன். நீ ஒட்டலன்னா நான் ஏற மாட்டேன், அது உனக்கே தெரியும். ஏறலன்னா உன்மேல எனக்கு ஒரு கோவம் வந்துரும். அது போகாதும்மா. எனக்கு அது வேண்டாம்.

— அக்கா, பிள்ள இம்புட்டுச் சொல்லுது.

— நீ சும்மா இரு ஜோ. ஏட்டி, அந்த எலினா எப்பிடி ஓட்டுவா?

— அவளா? பிரேக்க ரொம்ப லேட்டாப் புடிப்பா. வளைவு வர்ற வரைக்கும் பின்னாடியே இருந்துட்டு கடைசி நேரத்துல உள்ள பூந்துருவா. எப்பயும் எடப்பக்கமாத்தான் வருவா. அத அடைச்சிட்டேன்னா போதும்.

— எடப்பக்கமா.

— ஆமா. ஏன்?

— அவ வந்தா ஒனக்குத் தெரியுமா?

— தெரியாமயா. மூணு வருசமா அவகூட ஓட்டுறேன். முட்டி ஒரசுற தூரத்துல வருவா. ரெண்டு பேருல ஒரு ஆளு அசந்தாலும் ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

— கேட்டியா ஜோ, எப்பிடிப் பேசுதான்னு.

— அம்மா, ப்ளீஸ்.

— சரி.

— என்ன சரி?

— ஒட்டுதேன். அந்தத் துணியக் குடு ஜோ, தூசியத் தொடைச்சுக்கிடுதேன்.

— நெசமாவா?

— நெசமாத்தான். சோப்புத் தண்ணி எங்க? நீ போயி எப்பயும் போல அங்கிட்டுத் திரும்பி நில்லு.

— தேங்க்ஸ்மா. அண்ணே, நான் சொன்னேன்ல, எங்கம்மா ஒட்டிருவாங்கன்னு.

— எனக்கு என்ன தெரியும். இந்தாங்கக்கா தண்ணி. லேசாத் தெளிச்சா போதும், இது புது ஷீட்டு, சட்டுன்னு புடிச்சிரும். மார்க்கு பென்சில்ல போட்டிருக்கேன் பாருங்க, ரெண்டு பக்கமும்.

— தெரியுது.

— வேல்பாண்டி ஆரன் அடிக்கிறான். ஏய், இருப்பா, ரெண்டு நிமிசம்.

— அவசரப்படுத்தாத. ஜெபம் பண்ணணும்லா. கர்த்தாவே, எம் பிள்ளைக்கு நான் இப்பச் செய்யப் போறது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. தப்புன்னா என்ன மன்னிச்சிரும். சரின்னா அத எனக்குக் காட்டும். எம் பிள்ளையவும் அந்த இன்னொரு பிள்ளையவும் உம்ம கையில ஒப்புக்குடுக்கேன். ஆமென்.

— ஆமென். என்னம்மா, எலினாவுக்கும் சேத்து ஜெபமா?

— அவளுக்கும் ஒரு அம்மா இருக்காட்டி. திரும்பாத.

— திரும்பல. மேனேஜர்கிட்ட உன்னக் காட்டுறேன். எங்கம்மாதான் என் டீமுன்னு சொல்லப் போறேன். அடுத்த வருசம் டீம் வண்டியா இருந்தாலும் லைட்டு எங்கம்மாதான் ஒட்டணும்னு மொதல்லயே கண்டிசன் போட்டுருவேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

— அக்கா... என்ன செய்யுறீங்க?

— நீ வாயத் தொறக்காத ஜோ.

— இல்லக்கா, அது...

— எங் கையப் புடிக்காத. தள்ளி நில்லு. ஒரு வார்த்த பேசாத, உன்னக் கும்பிடுதேன்.

— என்னண்ணே? சுருங்கிருச்சா?

— ஒன்னுமில்ல ஆஷிகா.

— முடிஞ்சுதாம்மா? திரும்பலாமா?

— திரும்பு. வா, வந்து நேரா நில்லு. வண்டி மூஞ்சிக்கு நேரா. இன்னும் கொஞ்சம் கிட்ட வா.

— சூப்பரா இருக்கும்மா. புது வண்டி மாதிரி இருக்கு. அண்ணே, இந்த மஞ்சளுக்கு லைட்டு கருப்பு என்னமா எடுக்குது பாருங்க.

— மேலாப்புல பாக்காத. நல்லாப் பாரு. ரெண்டும் சரியா இருக்கா?

— இருக்கு.

— ரெண்டும் ஒரே மட்டமா?

— ஒரே மட்டம்மா. ஒரு நூலு கூட ஏத்த எறக்கம் இல்ல. உங் கைக்குச் சொல்லணுமா? ஏன்ணே அழுறீங்க? எம்மா, என்னாச்சு?

— ஒன்னுதான்ட்டி ஒட்டியிருக்கேன். ஒனக்கு எடப்பக்கம் இருக்க வேண்டிய லைட்டு, இந்தா, எங் கையிலதான் இருக்கு.